உங்களைத் தவிர யாரும் இல்லை

"நேத்து மதியம் ஆபீஸ்ல உங்களைத் தவிர யாருமே இல்ல, கீதா. நாங்க எல்லாரும் படப்பை யூனிட்ல இருந்தோம்" என்றான் முதலாளி முதாசிர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கீதாவுக்கு.

"அந்த வைரஸ் மெயிலை நான் திறக்கல சார்."

"அப்ப அதுவா திறந்துக்கிச்சா?"

குரோம்பேட்டையில் தோல் கையுறை ஏற்றுமதி செய்கிற சின்னக் கம்பெனி அது. மொத்த ஆபீசுக்கும் ஒரே மெயில் முகவரி. வருகிற மெயில் எல்லா கம்ப்யூட்டரிலும் தெரியும் என்றாலும், திறந்து, பிரிண்ட் எடுத்து, முதலாளி மேஜையில் வைப்பது கீதாவின் வேலை. வைரஸ் வந்தால் பழி யார் தலையில் விழும் என்று ஜோசியரைக் கேட்க வேண்டியதில்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. போன தடவை வைரஸ் வந்தபோதே, 'தெரியாத ஃபைலைத் திறக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் பிரிண்ட் எடுத்து, மானிட்டர் மானிட்டராக ஒட்டியிருந்தாள். இன்றைக்கு அந்தக் காகிதங்கள் அவளையே பார்த்துக் கேலி செய்தன.

கண்ணாடி அறைக்குள் சர்வர் முன்னால் உட்கார்ந்திருந்தான் லோகநாதன், தாம்பரத்திலிருந்து வருகிற சிஸ்டம் ஆள். சர்வர் என்றால் ஏதோ பிரமாதம் என்று நினைத்துவிட வேண்டாம். கொஞ்சம் பெரிய டப்பா, அவ்வளவுதான். ஆனால் ஆபீஸிலேயே ஏ.சி. இருக்கிற ஒரே அறை அதற்குத்தான். போன வருஷம் வரை முதாசிரின் அப்பா சௌகத் அலி உட்கார்ந்திருந்த அறை. சர்வருக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், பெரியவரின் மேஜையை ஹால் மூலைக்கு நகர்த்திவிட்டார்கள். துபாயிலிருந்து பேத்தி கைனாத்தின் போட்டோ வந்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு பழைய கம்ப்யூட்டரையும் அதன்மேல் வைத்தார்கள்.

"எந்த மெஷின்ல ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டான் முதாசிர்.

"எல்லாத்துலயும் பரவிடுச்சு சார், இனிமே கண்டுபிடிக்க முடியாது. ஆன்டிவைரஸ் போட்டுத்தான் இருக்கேன். ஆனா தினம் ஒண்ணு புதுசா வருதே. 'எப்படி இருக்கீங்க, இந்த ஃபைலைப் பார்த்துட்டு உங்க யோசனையைச் சொல்லுங்க'ன்னு இங்கிலீஷ்ல மரியாதையா ரெண்டு வரி இருக்கும். ஃபைலைத் தொட்டா முடிஞ்சுது. நம்ம பேர்லயே எல்லா பார்ட்டிக்கும் போயிடும்."

போயும் விட்டது. இனி உங்கள் மெயிலையே திறக்கப் போவதில்லை, சரக்கும் வேண்டாம் என்று ஜெர்மனிக்காரன் காலையிலேயே ஃபேக்ஸ் அனுப்பியிருந்தான்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சௌகத் அலி எட்டிப் பார்த்தார். "என்னப்பா, எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீங்க. ஏதாச்சும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லத்தா. கம்ப்யூட்டர் விஷயம், உங்களுக்குப் புரியாது. நீங்க போய் உக்காருங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

"நான் எவ்வளவுதான் காவல் போட்டாலும், உள்ள இருக்கிறவங்களே கதவைத் திறந்து விட்டா என்ன சார் பண்றது?" என்றான் லோகநாதன், கீதா இருந்த பக்கம் திரும்பாமல்.

முதாசிர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "தப்பா நினைக்காதீங்க கீதா. நாளையிலேர்ந்து வர வேணாம்."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம். கோவிலம்பாக்கத்தில் கணவன் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று எப்படி நிரூபிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் போட்டாள்.

பெரியவரிடம் சொல்லாமல் போக மனசு வரவில்லை. வேலை கொடுத்தவர் அவர்தான். எந்தத் தோலை எடுப்பது, எந்த பார்ட்டியை நம்புவது என்று பல்லாவரத்து வியாபாரிகள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவள் கண்ணாலேயே கண்டிருக்கிறாள்.

"பாய், நான் கிளம்பறேன்."

"ஒரு நிமிஷம் இரும்மா." கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, ஒற்றை விரலால் மௌஸைத் தட்டிக்கொண்டே இருந்தார் அவர். "நல்ல வேளை, நீயே வந்துட்டே. இந்த ஃபைல் நேத்தும் திறக்கல, இன்னிக்கும் திறக்க மாட்டேங்குது. பார்க்காம அவங்களுக்கு எப்படிப் பதில் போடறது?"

கீதா குனிந்து பார்த்தாள். எப்படி இருக்கிறீர்கள், உங்கள் யோசனையைச் சொல்லுங்கள். அதே இரண்டு வரி.

அந்த மானிட்டரில் மட்டும் காகிதம் இல்லை. பெரியவருக்கு எதற்கு என்று அவள்தான் ஒட்டாமல் விட்டிருந்தாள்.

கண்ணாடி அறைக்குள் முதாசிர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை தப்பிவிடும். 'சார்' என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

பெரியவர் அவள் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்:

"இப்பல்லாம் என்கிட்ட யோசனை கேக்கறது இவங்க மட்டும்தாம்மா."