கூட்டம் போன இடம்

குப்பனூர் அடிவாரத்தில், பைக்குகள் இரண்டிரண்டாகக் கிளம்பி நேராகப் பறக்கும் பந்தயத் தடத்தை நடத்தி வந்தவர் தனபால். போன மாதம் ஏற்காட்டிலிருந்துகூட பஸ் பிடித்து வந்தார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமோ ஈ, காக்கா இல்லை.

"ஏனுங்க, இன்னைக்கும் கூட்டம் வரலீன்னா நாளைக்கு இந்தத் தடத்துல ஏர் பூட்டிருவேன்னு நிலத்துக்காரர் சொல்லியிருக்காருங்க," என்றாள் சீட்டுக் கிழிக்க உட்கார்ந்திருந்த மனைவி சரோஜா.

"எங்கடி போனாங்க எல்லாரும்?"

"ஊருக்குள்ள ஒரு ஊட்டுக்கு டி.வி. வந்திருக்குதாம். படம் பாக்கப் போயிட்டாங்க."

"எவன் ஊட்டுக்கு?"

"நீங்களே போய்ப் பாருங்களேன்!" சரோஜாவுக்கு ஏனோ சிரிப்பு.

"என் பொழப்பைக் கெடுக்கறவன் யாருன்னு பாத்துப்புடறேன்!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார் தனபால்.

கூரை மேல் ஆன்டெனா நின்ற வீட்டு வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது.

"எவன்டா டி.வி. வாங்குனவன்?"

எழுந்து வந்தவன் மாதையன்.

"வாங்கலீங்கண்ணா. போன மாசம் பந்தயத்துல ஜெயிச்சதுக்கு மொதப் பரிசுன்னு நீங்கதானுங்க உங்க கையால குடுத்தீங்க!"

வாசலே சிரித்தது. தனபாலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டி.வி.க்கு முன்னால் போய் நின்று, "எல்லாரும் கேளுங்க! வர்ற வாரத்துலருந்து பந்தயம் காலையில!" என்றார்.

"வர்றோம், வர்றோம்!" என்றது கூட்டம்.

முன்வரிசையில் சம்மணம் போட்டிருந்த நிலத்துக்காரர் தலையை எட்டி நீட்டினார்.

"ஏர் பூட்டலப்பா, நீயே நடத்திக்க. இப்ப மறைக்காம உக்காரு சாமி!"