ஹைட்ரஜன் இல்லாத முகடு

"மறுபடி சொல்லுக்கா. ஹைட்ரஜன் கேஸே இல்லாம அந்த முகடு வந்துச்சா?"

"மூணு தடவை வந்துச்சு."

தம்பி கையிலிருந்த ஸ்பேனரை மெல்லக் கீழே வைத்தான். எட்டு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் அக்கா அவனுடைய ஆய்வுக்கூடத்தில் கால் வைத்திருக்கிறாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

எல்லாம் திரையில் எழும் அந்த ஒற்றை முகட்டால் வந்த வினை. அணுக்களை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அவளுக்கு மட்டும்தான் அது தெரிந்தது. ஹைட்ரஜன் அணுக்கள் யாரும் கண்டிராத நெருக்கத்தில் அடைந்து கிடப்பதற்கு அதுவே அடையாளம் என்றாள். கருத்தரங்கில் எழுந்து, "அது ஹைட்ரஜன் இல்லை, மெஷின் விடும் கொட்டாவி" என்றான் தம்பி. அரங்கமே சிரித்தது. அன்றோடு அவனிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

"பழைய கேஸ் மெஷின் சுவர்ல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும்கா."

"அது நான் சொல்ல வேண்டிய வசனம்டா! ஹைட்ரஜன் வாடையே படாத புது மெஷின்ல போட்டுப் பார்த்துட்டேன்."

"அணுக்களைக் கிளப்பிவிட அடிக்கிற லேசரைக் குறைச்சுப் பார்த்தியா?"

"அணைச்சே பார்த்தேன், அப்பவும் முகடு வருது. டிடெக்டர் தானாக் கத்துது. அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி. நாளைக்கு என் முடிவை வாபஸ் வாங்கறேன். முதல்ல உன்கிட்டதான் சொல்றேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ."

ஜெயித்தவனின் முகத்தைப் பார்க்கத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் அவன் முகத்தில் ஈயாடவில்லை. மேஜையிலிருந்த ஆய்விதழை எடுத்து நீட்டினான். இன்று காலைதான் வெளிவந்தது. அவன் எழுதிய கட்டுரை, முகட்டின் வரைபடத்தோடு.

'அதே முகடு என் கருவியிலும் பதிவாகியுள்ளது. என் மறுப்பே தவறு.'

அவள் இரண்டு முறை படித்தாள்.

"டேய்! உனக்கும் வந்துச்சா? எங்கிட்ட ஏன்டா சொல்லல? அப்போ இந்த வாரம் நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன்! வா, உன் மெஷினைக் காட்டு..."

அவன் நகரவில்லை.

"எனக்கு ஒரு தடவைகூட வரலைக்கா."

"பின்னே இந்த வரைபடம்?"

"நானே வரைஞ்சேன். உன்னை மறுபடி என்கூடப் பேச வைக்க எனக்கு வேற வழி தெரியல... வாபஸ் மட்டும் வாங்காதேக்கா."