பூசணி இன்னும் வீடு திரும்பவில்லை

புத்தகத்தைக் கன்னத்தோடு சேர்த்து, படம் பிள்ளைகள் பக்கம் இருக்கும்படி பிடித்திருந்தாள். வரிகளைப் பார்க்கத் தேவையில்லை. எழுதியவளே அவள்தான். வரைந்தவளும்.

பூசணி என்கிற எருமைக் கன்று வீட்டுக்குப் போகமாட்டேன் என்று குளத்திலேயே கிடக்கிறது. பொழுது சாய்கிறது.

இன்னும் ஒரே ஒரு தாள். கட்டைவிரலை அதன் அடியில் கொடுத்தாள்.

எந்தப் பள்ளியிலும் பிள்ளைகள் முண்டியடித்து முன்னால் வரும் இடம் இது. இங்கே ஒருவரும் அசையவில்லை. முகமெல்லாம் வாடிக் கிடந்தது.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வந்ததும் மனசு குளிர்ந்துதான் போயிருந்தது. போகிற பள்ளிகளில் எல்லாம் அவள் புத்தகம் பீரோவுக்குள் கல்யாணப் பட்டு மாதிரி பத்திரமாகக் கிடக்கும். பிள்ளைகள் கையில் கொடுத்தால் கிழித்துவிடுவார்களாம். இங்கே கிழித்தே விட்டிருந்தார்கள். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. ஒரு மூலையில் பல் பதிந்த தடம். மூன்றாம் வகுப்பு எமல்டா டீச்சர் அதைக் கூச்சத்தோடு நீட்டி, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துக் கடைசித் தாள் எப்போதோ கழன்று போய்விட்டது மேடம் என்று மன்னிப்புக் கேட்டார்.

அவளுக்கு அந்தக் கந்தலைக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. பையிலிருந்து புதுப் பிரதி ஒன்றை எடுத்தாள்.

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்றைக்கு உண்மையான முடிவு தெரியப்போகிறது என்று வகுப்பில் அறிவித்தார்.

நல்லதுதான் நினைத்தார், பாவம்.

முன் வரிசையிலிருந்து ரெட்டைப் பின்னல்காரி ஒருத்தி எழுந்தாள். ஜெசிந்தா என்று பெயர்.

"அந்தப் பக்கத்தக் காட்டாதீங்க மிஸ். பூசணி வீட்டுக்குப் போயிட்டா அப்புறம் நாங்க என்ன பண்றது?"

டீச்சர் அதட்டப் போனார். அவள் கையமர்த்திவிட்டு, என்ன சங்கதி என்று பிள்ளைகளிடம் விசாரித்தாள். ஆளாளுக்குச் சொன்னார்கள்.

கடைசித் தாள் இல்லாத புத்தகத்தில் பூசணி இன்னும் வீட்டுக்குப் போகவே இல்லை. அதனால் தினமும் பள்ளி விடுவதற்கு முன், அன்று ராத்திரி அது எங்கே படுக்கப் போகிறது என்று ஒருவர் சொல்ல வேண்டும். ரைஸ்மில் உமிக் குவியலில் படுத்திருக்கிறது. கடைசி பஸ்ஸின் பின் சீட்டில் படுத்திருக்கிறது, டிக்கெட் எடுக்காமல். சர்ச் மணிக்கூண்டில் கூடப் படுத்திருக்கிறது. எப்படி ஏறியது என்று மட்டும் கேட்கக் கூடாது.

அவளுக்குச் சுருக்கென்றது.

இருக்கிற படங்களிலேயே அவளுக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் படம்தான். தாய் எருமை கன்றின் நெற்றியை நக்குகிறது. அந்த நாக்கு சரியாக வருவதற்குள் எத்தனை தாளைக் கிழித்துப் போட்டிருப்பாள்.

அதைப் பார்க்க வேண்டாமாம்.

கட்டைவிரல் தாளுக்கு அடியிலேயே இருந்தது.

புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். தான் மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். நல்ல படம்தான்.

மூடிப் பைக்குள் வைத்தாள்.

வகுப்புக்கே மூச்சு வந்தது.

பொறாமை கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்த மாதிரி ஒரு சந்தோஷமும் இருந்தது. ஒரு வகுப்பே சேர்ந்து அவள் கன்றுக்குத் தினமும் படுக்கை போட்டுக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பூசணிக்கு ஒரு நல்ல இடம் அவளுக்கும் தோன்றியிருந்தது. இன்றைக்கு நான் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்திருப்பது விருந்தாளி. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. ஜெசிந்தாதான் தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னைக்கு சகாயராஜ் முறை. நீங்க நாளைக்குச் சொல்லுங்க மிஸ்."

சாயங்காலம் அவளுக்கு ரயில்.

அவள் போய், கடைசி வரிசையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பிள்ளை நகர்ந்து இடம் விட்டது. சகாயராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

அவன் சொல்லி முடித்தான். மணி அடித்தது. பிள்ளைகள் வீட்டுக்கு ஓடினார்கள்.

ராத்திரி படுக்க இந்த ஊரில் எங்கேயாவது இடம் கிடைக்குமா என்று அவள் டீச்சரிடம் கேட்டாள்.