மணி அடிக்காத மதியம்

இதை எனக்குச் சொன்னது ஒரு கிழட்டுப் புறா. பல வருஷங்களாக நான் இதைச் சந்தேகித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அயர்லாந்தில் ஒரு பழைய பல்கலைக்கழகம். அதன் முற்றத்து நடுவில், நான்கு பக்கமும் திறந்த மணிக்கூண்டு. அதன் கீழே நிற்கும்போது மணி அடித்தால் பரீட்சையில் தோற்றுவிடுவோம் என்று மாணவர்களுக்குப் பயம். பட்டம் வாங்கும் வரை எல்லோரும் சுற்றித்தான் போவார்கள். பாடிக்கொண்டே நூலகத்துக்குப் போகும் நுவாலா என்ற மாணவியும் அப்படித்தான். அவள் ஒரு தடவை கிட்டே வரமாட்டாளா என்று மணி ஏங்கியது.

கடைசிப் பரீட்சையன்று ஆலங்கட்டி மழை பிடித்தது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கூண்டுக்குக் கீழே ஓடி வந்து, அதைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். அது மணி அடிக்க வேண்டிய நேரம்.

"அடிங்கண்ணே," என்றது புறா. "தோத்தா இன்னும் ஒரு வருஷம் இங்கேதானே இருப்பா?"

"சும்மா இருடா. படிச்சுக்கிட்டிருக்கா."

மணி தன் நாக்கை அசையவே விடவில்லை. நுவாலா தேறினாள். ஊருக்குப் போய்விட்டாள்.

மணி அப்படி இருந்திருக்குமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனாலும் போன மாதம் புறாவிடம் கேட்டுவிட்டேன்:

"மழை விட்டுக் கிளம்பும்போது, அவள் ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தாளா?"