கொசுறாக வந்த வரி

ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறும் பெண்கள் ஜீப்பில் ஏறுவதையும் இறங்குவதையும் குறித்துக்கொள்ள, அல்லிநகரத்து மாடி அறை ஒன்றில் செயலி தயாரித்தார்கள். அதன் ஆங்கில வாசகங்களுக்குத் தமிழ்க் கோப்பு எழுதுவது நதியாவின் வேலை. அன்று ஆங்கிலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வரி. தமிழில் ஒன்று கூடுதல்.

"சந்தனம்மாள் இறங்கவில்லை."

சந்தனம்மாள் அவளுடைய அம்மா. காலையில்தான் ஜீப்பில் போயிருந்தாள். நதியா போன் போட்டாள்.

"எறங்கித்தான் காய் எடுத்துக்கிட்டிருக்கேன். வேலையப் பாருடி."

நதியா அந்த வரியை அழித்துவிட்டு, கோப்புகளைச் சேர்த்துச் செயலியாக்கும் பில்டை ஓட்டினாள். முடிந்ததும் திறந்து பார்த்தால் வரி அங்கேயே இருந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது.

முதலாளி வைகுண்டராஜ் போடி ஏலக்காய்க் கடையில் வளர்ந்தவர். கூட வருவதை வேண்டாமென்று சொல்லிப் பழக்கமில்லை. "கொசுறுன்னு நெனச்சுக்க தாயி. பார்ட்டி அவசரப்படுறாக, அனுப்பிவிடு."

அனுப்பிவிட்டுப் பஸ் பிடித்து அனுமந்தன்பட்டி வந்தாள். அம்மா அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். நதியாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

போன் அடித்தது. ஜீப் ஓட்டும் அழகுமலை.

"பாப்பா, வண்டி இப்பத்தான் ஊர் முக்குக்கு வந்துச்சு. எல்லாரும் எறங்கிட்டாக, ஒங்கம்மா மட்டும் எறங்கல. தூங்குறாகன்னு தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இருக்காக. வெரசா வா."

"ஆறிடப் போகுது, குடி" என்று அம்மா டம்ளரை நீட்டினாள்.