பென்டிரைவோடு வருகிறவன்

சட்டைப் பையில் சிவப்பு பென்டிரைவ் எட்டிப் பார்க்க, சிஸ்டம்காரன் தன் இடத்தை விட்டு எழுந்தான். அவ்வளவுதான், அலுவலகத்தில் கீபோர்டு சத்தம் கப்சிப்பென்று அடங்கிவிட்டது.

"எமதூதன் கிளம்பிட்டான்" என்று யாரோ முணுமுணுத்தது அவன் காதிலும் விழுந்தது.

அந்தக் கம்பெனியின் வழக்கம் அப்படி. ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதென்றால், முதலில் இந்த பென்டிரைவை வைத்து அவர் லேப்டாப்பை மொத்தமாக அழித்துப் புதிதாக ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் ஆளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்வார்கள். "ஒரு சின்ன அப்டேட்" என்று பொய் சொல்லி லேப்டாப்பை வாங்கிப் போகிற பாவம் மட்டும் இவன் தலையில் விழுந்திருந்தது.

கணக்குப் பிரிவு அக்கா வழிமறித்தாள். "தம்பி, எனக்கு அப்டேட் எதுவும் இல்லையே?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் கணவர் வேலை போய் வீட்டில் இருக்கிறார்.

"எனக்கே தெரியாதுக்கா. மேனேஜர் கூப்பிட்டாரு, போறேன்."

"உனக்கென்னப்பா, நீ கொடுத்து வெச்சவன். உன்னை அனுப்பிட்டா இந்த வேலைய யாரு பார்ப்பா?"

அவனுக்கும் அந்த நம்பிக்கை உண்டு. அந்தத் தைரியத்தில்தான் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்து, தனியாக இருந்த அம்மாவைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

மேனேஜர் கதவைச் சாத்தச் சொன்னார். மேஜை மேல் உறை பிரிக்காத புது பென்டிரைவ் ஒன்று கிடந்தது.

"இன்னிக்கு எத்தனை பேர் சார்?"

"ஒருத்தர்தான்."

"கணக்கு அக்காவா மட்டும் இருக்கக் கூடாது சார். அவங்க வீட்டுல அடுப்பு எரியறதே அவங்களாலதான்."

"அவங்க இல்லப்பா."

சிஸ்டம்காரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ யாரு சார்?"

மேனேஜர் மேஜை மேல் கிடந்த பென்டிரைவைக் கையில் எடுத்தார். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கத் தெரியாமல் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "இத பூட்டபிளா, அதான் உன்னோடது மாதிரி சிஸ்டம் ஏத்தறதா, மாத்த எனக்குக் கத்துக் குடு. நீ எதையும் தொடாத, சொல்லு போதும். நானே பண்ணணும்."

"எதுக்கு சார்? என்கிட்டதான் ரெடியா ஒண்ணு இருக்கே?"

"இருக்கட்டும்ப்பா. சொல்லேன்."

சொன்னான். "பென்டிரைவ் தயார் பண்றதுக்குன்னு உங்க லேப்டாப்ல ஒரு டூல் இருக்கு, அதைத் திறங்க. டிவைஸ்ங்கிற எடத்துல பென்டிரைவ்தான் இருக்கான்னு நல்லா பாருங்க. தவறிப்போய் வேற டிஸ்க்கைக் காட்டினீங்க, அதுல இருக்கறது எல்லாம் காலி. ம்... இப்ப ஐ.எஸ்.ஓ.ன்னு ஒரு ஃபைல் டவுன்லோட் ஆகியிருக்கும், புது சிஸ்டம் மொத்தமும் அதுலதான், அதைக் காட்டுங்க. அவ்ளோதான், ஸ்டார்ட் குடுங்க."

இதில் உள்ள எல்லாமே அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. மேனேஜரின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"புதுசுதானே சார், அழியறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. ஓகே குடுங்க."

கொடுத்தார். பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிஸ்டம்காரனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஒரே ஒருத்தர். யாரென்று சொல்ல வாய் வரவில்லை. தன் கையாலேயே செய்ய வேண்டுமாம். அட, இந்தத் தடவை போகப்போவது மேனேஜரேதான்! தன் லேப்டாப்பை இன்னொருவன் வந்து அழிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் தானே முடித்துக்கொள்ளப் பார்க்கிறார். எத்தனையோ பேரை அழ அழ அனுப்பிய மனிதர்தான், இருந்தாலும் பாவமாக இருந்தது.

நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மேலேருந்து முடிவே பண்ணிட்டாங்களா சார்?"

"நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்ப்பா. கையில கால்ல விழாத குறை. ஒண்ணும் எடுபடல."

"விடுங்க சார், மனச விட்டுடாதீங்க. இருக்கற அனுபவத்துக்கு வேற எடம் கிடைக்காமலா போயிடும்? நான் கூடவே இருந்து முடிச்சுத் தர்றேன்."

மேனேஜர் தலை குனிந்துகொண்டார். ஆறுதல் சொல்லப் போய் அழ வைத்துவிட்டோமே என்று இவனுக்குக் கஷ்டமாகிவிட்டது. பச்சைக் கோடு முடிகிற வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெடி சார். இத லேப்டாப்ல சொருகிட்டு, ஆன் பண்றப்பவே எஃப் பன்னெண்டு கீயைத் தட்டுங்க. பென்டிரைவைக் காட்டினதும் இன்ஸ்டால் பண்ணலாமான்னு கேட்கும். பழசையெல்லாம் டெலீட் பண்ணிட்டு ஓகே குடுக்க வேண்டியதுதான். நடுவுல ரீஸ்டார்ட் ஆகறப்ப பென்டிரைவை உருவிடுங்க, இல்லேன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சுடும்."

"அவ்ளோதானா?"

"வீட்டு போட்டோ ஏதாவது இருந்தா முன்னாடியே எடுத்து வெச்சுக்கணும் சார். போனா வராது. மத்தவங்களுக்கெல்லாம் நானே சத்தமில்லாம எடுத்துக் குடுத்துடுவேன்."

மேனேஜர் பென்டிரைவை உருவி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"ஆரம்பிக்கலாமா சார்? உங்க லேப்டாப்பை ஷட்டவுன் பண்ணுங்க."

அவர் பண்ணவில்லை. இவன் முகத்தைப் பார்க்காமல், சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"உன் லேப்டாப்பை எடுத்துட்டு வாப்பா."