கூண்டுக்குள் ஹெல்கா

மரக் கிராதிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் முழங்காலிட்டபோது, ஹெல்கா வெறுங்காலோடு, ஷூ இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உட்கார்ந்திருந்தது, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள், சாமியார் உட்காருகிற நாற்காலியில். மாதா கோயிலில் இருந்த பெஞ்சு எதிலும் மெத்தை இல்லை, இதில் இருந்தது. வேறு எந்தக் கெட்ட எண்ணமும் அவளுக்கு இல்லை.

பின்லாந்திலிருந்து சலமான்கா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து எட்டு மாதம் ஆகிறது. முடிந்த சனிக்கிழமைகளில் தோழி ஒர்னெல்லாவோடு ஏதாவது ஓர் ஊருக்குக் கிளம்பிவிடுவாள். இந்த மலையூர் இருபதாவது. கோட்டைச் சுவர்மேல் பாதி தூரம் நடந்ததும் குதிகாலில் இருந்த கொப்புளம் உடைந்துவிட்டது.

“நீ கோயில்ல உக்காரு, நான் கோட்டைக் கோபுரம் ஏறிட்டு நேரா பஸ்ஸுக்கு வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் ஒர்னெல்லா. “நாலரை மணி வண்டிய விட்டுட்டா அப்புறம் திங்கக்கிழமைதான். நமக்குப் பரீட்சையும் அன்னைக்குத்தான், ஞாபகம் வெச்சுக்க.”

மதியத் தூக்கத்தில் ஊரே அடங்கிக் கிடந்தது. கோயிலிலும் ஈ காக்கை இல்லை. திரையை இழுத்துவிட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம் என்று நினைத்தவள் நன்றாகவே தூங்கிவிட்டாள்.

“உள்ள யாராவது இருக்கீங்களா?”

திடுக்கிட்டு விழித்தாள். கிராதியின் ஓட்டைகளில் ஒரு காதும் நரைத்த கிருதாவும் தெரிந்தன. வாயைத் திறந்தால் பெண் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எழுந்து போகவும் வழி அவர் கண்முன்னேதான். அடக்கியும் அடங்காமல் இருமல் வந்துவிட்டது.

“நல்லதாப் போச்சு” என்றார் அவர். “பதில் எதுவும் வேணாம். கேட்டாப் போதும்.”

ஹெல்கா ஷூக்களை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஒரு அண்ணன் இருக்கான். எலாதியோ. கடைசிக் காலத்துல எங்கம்மாவ, என்னை ஒரு வார்த்தை கேக்காம, டவுன்ல முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுட்டான். அங்கேயே அவ கண்ண மூடிட்டா. அடக்கத்தன்னைக்கு எல்லார் முன்னாடியும் என்கிட்ட கைய நீட்டினான். நான் பிடிக்கல. ஏழு வருஷம் ஆச்சு.”

மடியில் செல்போன் அதிர்ந்தது. ‘பஸ் வந்துடுச்சு. எங்கடி இருக்க?’ அதைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தினாள். கிராதிக்கு அந்தப் பக்கம் பேச்சு ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

“இந்த ஊர்ல யார் படுத்தாலும், யார் செத்தாலும், முதல் ஆளா போய் நிக்கிறது நான்தான். என்கூடப் பொறந்தவன் பதினோரு நாளா டவுன் ஆஸ்பத்திரியில கிடக்கான். ரூம் நம்பர்கூடத் தெரியும். போகல.”

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“மூணு தடவ காரை எடுத்தேன். மூணு தடவையும் பாலம் வரைக்கும் போய்த் திரும்பிட்டேன். அவன் பேச மாட்டானோன்னு பயம் இல்ல. பேசிட்டான்னா இந்த ஏழு வருஷத்தை எங்க கொண்டுபோய் வெக்கிறதுன்னுதான் பயம்.”

வெளியே சதுக்கத்தில் பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. செல்போன் மறுபடி அதிர்ந்தது. ‘டிரைவர் நிறுத்த மாட்டேங்கிறார். நான் ஏறிட்டேன்.’

எழுந்து ஓடினால் இப்போதும் பிடித்துவிடலாம். கால்கள் அதற்குத் தயாராகத்தான் இருந்தன. ஆனால் இருபது ஊர் சுற்றியும் சர்வர்களையும் டிரைவர்களையும் தவிர யாரும் அவளிடம் நின்று பேசியதில்லை. இவர் பேசுகிறார். பாதியில் திரையை விலக்கிக்கொண்டு ஓடினால், இந்த மனிதர் இதை இனி யாரிடமும் சொல்ல மாட்டார் என்று தோன்றியது. இத்தனை நேரம் பயத்தில் அகப்பட்டிருந்தவள், இப்போது அவரிடம் அகப்பட்டுக்கொண்டாள்.

வண்டி மலையிறங்கும் சத்தம் தேய்ந்து அடங்கியது.

“ஏதாவது சொல்லுங்களேன்” என்றார் அவர். வேண்டாம் என்று சொன்னவரே இப்போது கேட்டார். “ஒரு வார்த்தை போதும்.”

இந்த நாட்டு மொழியில் வகுப்பில் படித்த மரியாதைச் சொற்கள் எல்லாம் அந்த நேரம் பார்த்துக் காணாமல் போயின. குரலைக் கனமாக்கிக்கொள்ள முயன்றாள். அதுவும் நடக்கவில்லை. மெல்லிசாக, நடுங்கிக்கொண்டு வந்தது.

“போ. இன்னைக்கே போ.”

பெரியவரை ஒருமையில் சொல்லிவிட்டது சொன்ன பிறகுதான் உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

 அந்தப் பக்கம் முழங்கால் மூட்டு சொடுக்க அவர் எழுந்தார். காலடி சுற்றிக்கொண்டு வந்து, திரைக்கு நேர் எதிரே நின்றது. ஹெல்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“சரி, போறேன். உன் பஸ்ஸும் போயிடுச்சு, டவுன்ல ரயிலடியில இறக்கிவிடுறேன்” என்றது குரல். இப்போது அதில் லேசான சிரிப்பு இருந்தது.

“எழுந்து வாம்மா, அது என் நாற்காலி.”